ஹரிஸ்ஸா வழக்கு

வஸீலா தன் கைகளை நம்பினாள். வேறு எதையும் அவ்வளவு நம்பியதில்லை. கஸர் ஹெலால் ஊரில், வெளிநாட்டுக்கு ஜீன்ஸ் தைத்து அனுப்பும் ஆலையில், பின்பாக்கெட் வரிசையில் அவளுக்கு இடம். பள்ளியை முடிக்காமல் வந்து உட்கார்ந்தவள். மேற்பார்வைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். அவள் நாற்காலி மாறவில்லை. துணி ஊசிக்குக் கீழே ஓடும்போது அவள் கண் சன்னலுக்கு வெளியே எங்கோ இருக்கும். காதில் பக்கத்து மெஷின்காரி கம்ராவின் வீட்டுச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் கை திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பும். பாக்கெட் கோணிவிட்டது என்று யாரும் அவளிடம் திருப்பிக் கொடுத்ததில்லை. இதைத் திறமை என்று சொல்வார்கள். திறமைதானா என்று தெரியவில்லை. ஒரு வேலை ஆளை விட்டு விலகிக் கையில் தனியாகக் குடியேறிவிட்டால் அதற்கு வேறு பேர் இருக்க வேண்டும்.

அடுப்படியிலும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரம் புருஷன் மொன்தெருக்கு அவள், மாவுக் குழாய்களை வேகவைத்துக் குழம்பில் புரட்டும் மக்ரூனா செய்து போட்டாள். கோழியும் கொண்டைக்கடலையும் போட்ட தக்காளிக் குழம்பில், மிளகாயும் பூண்டும் அரைத்து எண்ணெயில் ஊறிய ஹரிஸ்ஸாவைக் குவித்துக் கரைத்திருந்தாள். முதல் வாயிலேயே அவனுக்கு நெற்றி வேர்த்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றான். மறுநாள் வண்டி ஸ்டாண்டில், "செத்தேன்டா. இவளுக்கு என் மேல அவ்வளவு ஆசை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்தப் பக்கத்து ஆண்கள் மனைவியின் மனசை நாக்கால் பார்க்கிறவர்கள். குழம்பு எரிந்தால் வீடு நன்றாயிருக்கிறது. காரம் இறங்கினால் அவள் மனசும் இறங்கிவிட்டது. பாதி விளையாட்டாகச் சொல்கிற பேச்சுதான். மறு பாதியை நம்புகிறவர்களும் உண்டு. மொன்தெர் இரண்டு பாதியையும் நம்பினான்.

அவன் லுவாஜ் ஓட்டுகிறவன். ஊரிலிருந்து மொனஸ்தீருக்கும், சில நாள் தலைநகர் வரைக்கும் ஆள் ஏற்றிப் போகும் வெள்ளை வேன். வாய் ஓயாதவன், குடிக்காதவன், கை நீட்டாதவன். மகள் ஸிரின் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தவன். அவனைப் பற்றிக் குறை சொல்லச் சொன்னால் வஸீலா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவான் என்பாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவன் வண்டி நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. செய்தி ஆலை அலுவலகத்துக்கு வந்து, மேற்பார்வைக்காரி ஓடி வந்து சொன்னாள். "வஸீலா, உன் வீட்டுக்காரர் வண்டி கவுந்துருச்சாம். ஸூஸ் ஆஸ்பத்திரில இருக்காராம். உசுரு இருக்கு, பயப்படாத."

வஸீலா "சரி" என்றாள். ஊசிக்குக் கீழே ஒரு பாக்கெட் பாதியில் நின்றது. அதை முடித்தாள். நூலை வெட்டினாள். அப்புறம்தான் எழுந்தாள்.

ஸூஸுக்குப் போகிற வழியெல்லாம் அவள் தனக்குள் பயத்தைத் தேடிக்கொண்டு போனாள். கைப்பையில் சாவி தேடுவதுபோல. அடி வரைக்கும் துழாவிப் பார்த்தாள். ஸிரினைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்ற கவலை கையில் பட்டது. நாளைக்கு லீவு சொல்ல வேண்டும் என்பது பட்டது. சாவி இல்லை. விலா எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்த மொன்தெர் அவளைப் பார்த்ததும், "அழாதடி, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

அவள் அழவில்லை.

அவன் தேறி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சாவி கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் எப்போது தொலைந்தது என்றும் தெரியவில்லை. வெறுப்பு என்றால் ஒரு நாளைச் சொல்லலாம், ஒரு சொல்லைச் சொல்லலாம், ஒரு முகத்தைக் காட்டலாம். ஒன்றும் தோன்றாமல் போனதற்கு எந்த நாளைக் காட்டுவது? அவள் ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, இப்படி ஒருத்தனோடு இருப்பது அவனை ஏமாற்றுவது என்று தோன்றியது. அந்த எண்ணம்கூட ஒரு கணக்குப்போலத்தான் தோன்றியது, வலியாக இல்லை. வக்கீலைப் பார்த்து விவாகரத்துக்கு மனுப் போட்டாள்.

மொன்தெர் கூடத்து மெத்தைக்கு மாறினான். ஆனால் மனுவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை உள்ளவர்களை மூன்று தடவை கூப்பிட்டுப் பேசிப் பார்க்காமல் சட்டம் பிரித்துவிடாது. முதல் தடவை நீதிபதி அம்மா அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்.

"அடிக்கிறாரா?"

"இல்ல."

"குடியா? வேற பொண்ணா?"

"இல்லம்மா."

"அப்ப என்னதாம்மா?"

"ஒண்ணும் இல்லம்மா. அதான்."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது தடவைதான் ஊர் சிரித்தது. இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும்போது மொன்தெர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அம்மா, இவளுக்கு என் மேல ஆசை இல்லைங்கிறது பச்சைப் பொய். எங்க வீட்டுச் சட்டிய வந்து பாருங்க. கல்யாணம் ஆன புதுசுல எப்படி நாக்கு வெந்துச்சோ இன்னிக்கும் அப்படியே வேகுது. விட்டுட்டுப் போக நெனைக்கிற பொம்பள இப்படி ஹரிஸ்ஸா போடுவாளா? நீங்களும் நம்ம ஊர்தான், நீங்களே சொல்லுங்க."

குமாஸ்தா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்க வீட்டு மக்ரூனா இங்க வந்து கூண்டுல ஏறிச் சாட்சி சொல்ல முடியாதே, மொன்தெர்" என்றார் நீதிபதி.

"அடுத்த தடவை தூக்குல கொண்டு வரேன்மா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுத் தீர்ப்பு சொல்லுங்க."

நீதிபதியும் சிரித்துவிட்டார். பிறகு வஸீலா பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

"கைப் பழக்கம்மா."

"மனசு இல்லாம கை மட்டும் போடுமா?"

"தெரியலம்மா" என்றாள்.

"அப்ப தெரிஞ்சுக்கிட்டு வா. அடுத்த தடவைதான் கடைசி. இருக்கேன், இல்ல போறேன். ஒரே வார்த்தை போதும். ஆனா அது உன் வார்த்தையா இருக்கணும்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். மொன்தெர் சொன்னதும் அதுதான். அதில் பிழை காண முடியாமல்தான் வஸீலா தவித்தாள். தவித்தாள் என்பது பெரிய சொல். அடுப்பின் முன் கரண்டியோடு நின்று தன் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஒருவேளை கைக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மறைந்துவிட்டதோ. பாக்கெட் தைப்பதுபோல, அன்பும் அவளை விட்டு விலகிக் கையில் குடியிருக்கிறதோ. அப்படியானால் போக வேண்டியதில்லை. கை இருக்கிற இடத்தில் ஆளும் இருந்துவிட்டுப் போகலாம். அது உண்மையாக இருக்கட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தாள்.

மூன்றாவது தடவை புதன்கிழமை காலை. செவ்வாய் சாயங்காலம் வரை அவளிடம் அந்த ஒரு வார்த்தை இல்லை.

செவ்வாய்க்கிழமை மழை. கப்பலுக்குப் போகிற சரக்கு முடியாமல் ஆலையில் மணி அடித்த பிறகும் பிடித்து வைத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது தெருவிளக்கு எரிந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஸிரின் ஒருத்திதான் மிச்சம். ஷூ மாட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கோழிக் கடை, அங்கிருந்து ரொட்டிக் கடை. வீட்டுப் படி ஏறும்போது ஸிரின் நீள ரொட்டியின் முனையைக் கடித்தாள்.

"உம்மீ, என்ன சாப்பாடு?"

"மக்ரூனா."

"எனக்குக் கழுவிக் குடு."

"நீயே கழுவிக்க."

ஸிரினுக்கு எட்டு வயது. இன்னும் அந்த வீட்டுக் காரம் பழகவில்லை. பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயையும் அதில் முக்கித்தான் சாப்பிடுவாள். சாப்பிட்டு முடிக்கும்போது கிளாஸ் சிவந்திருக்கும்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் வஸீலா அடுப்பை மூட்டினாள். இருக்கிறதிலேயே அவசரத்துக்கு உதவுகிற சமையல் அதுதான். வயிறு நிறையும், ஒரு அடுப்பில் குழம்பு, இன்னொன்றில் தண்ணீர். எண்ணெயைத் தாராளமாக ஊற்றி வெங்காயம் போட்டாள். கோழித் துண்டுகள் இருபுறமும் நிறம் மாறியதும் டப்பாவிலிருந்து தக்காளி விழுதை வழித்துப் போட்டாள். அது எண்ணெயில் வதங்கிக் கருஞ்சிவப்பாக வேண்டும். நேரம் கொடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் பச்சை வாடை போகாது. பூண்டு, மல்லியும் சீமைச் சீரகமும் இடித்த பொடி. அடுத்தது ஹரிஸ்ஸா.

பழைய பாட்டில் முந்தின நாளோடு தீர்ந்திருந்தது. செப்டம்பர் வெயிலில் காயவைத்த மிளகாயில் அரைத்த புதுப் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்தாள். மூடி அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினாள். கத்திப் பிடியால் நாலு பக்கமும் தட்டினாள். பாட்டிலை மேசைக்கு அந்தப் பக்கம், சன்னல் மேடையில் ஒரு கிண்ணத்து வெந்நீரில் கவிழ்த்து வைத்தாள். சூடு ஏறினால் மூடி இளகும்.

"உம்மீ, டிக்டேஷன்!"

"கொண்டா இங்க."

ஈர விரலால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி படித்தாள். ஸிரின் தரையில் குப்புறப் படுத்து எழுதினாள். இரண்டாவது வரியில் போன் அடித்தது. கம்ரா.

"என்னடி, ஹரிஸ்ஸா வழக்கு நாளைக்குத்தானே?"

"ஆமா."

"நாளைக்கு உன் எடத்துல உக்கார அந்தப் புதுப் பொண்ணைப் போட்டிருக்காங்க. ஒரு பாக்கெட்டு தெக்குப் பாக்குது, ஒரு பாக்கெட்டு வடக்குப் பாக்குது. அத விடு. என்ன சொல்லப் போற?"

"தெரியல, கம்ரா."

"நல்லா இருக்கு. ஏன்டி, நான் என் ஆளை விட்டுட்டுப் போயி மறுபடியும் அவனையே கட்டிக்கிட்டவ. எனக்குத் தெரியாதா? போறதுன்னா கோவத்தோட போகணும். அப்பதான் திரும்பி வர வழி இருக்கும். நீ கோவமே இல்லாமப் போற. அது வழி இல்ல, கிணறு."

"கோவம் வரலையே."

"வரவெச்சுக்க! அந்த ஈரத் துண்ட நெனச்சுக்க!"

வஸீலா சிரித்தாள். சிரிப்பதும் கையைப்போலத் தானாக வரக்கூடியது. குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை எழுந்ததும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். தண்ணீரை ஊற்றினாள். கடலையைக் கொட்டினாள். மூடினாள். ஹரிஸ்ஸா விழாவிட்டாலும் தக்காளியாலேயே குழம்பு சிவப்பாகத்தான் இருந்தது. பாட்டில் வெந்நீரில் கவிழ்ந்தபடியே இருந்தது. கை தன் வேலையை முடித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். ருசி பார்க்கிற வழக்கத்தை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

குழாய் மக்ரூனா வெந்து வடிகிற நேரத்தில் மொன்தெர் வந்தான். தலையிலிருந்து மழை சொட்டியது. கையில் ஒரு பை நிறைய மாண்டரின் பழம். படியிலேயே மோப்பம் பிடித்திருக்கிறான்.

"நாளைக்குக் கோர்ட்டு, இன்னிக்கு மக்ரூனா! எந்த ஊர்லயாவது எதிர்க்கட்சி ஆக்கிப் போடுமா?" என்று ஸிரினைத் தூக்கிச் சுற்றினான். "பாத்தியா கண்ணு, உம்மீ கேசுல தோக்கப் பாக்கறா."

"பாபா, ஈரம்! என் நோட்டு!"

"துண்டு எடுத்துத் துவட்டு" என்றாள் வஸீலா. "கட்டில்ல போடாத."

"என் கட்டில் எங்க இருக்கு? இப்ப எனக்கு மெத்தைதான்." அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பெரிய பீங்கான் தட்டில் மக்ரூனாவைக் கொட்டிக் குழம்பை ஊற்றிக் கிளறி, மேலே கோழித் துண்டுகளை அடுக்கினாள். எண்ணெய் பளபளத்தது. மொன்தெர் சன்னலுக்கு முதுகைக் காட்டி, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். ஸிரின் கிளாஸில் தண்ணீர் பிடித்து வந்தாள். வஸீலா பரிமாறினாள். தொடைத் துண்டு அவனுக்கு. தனக்கும் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். நின்றுகொண்டே இருந்த கால்கள் வலித்தன. மறுநாள் ஸிரினுக்கு எந்தச் சட்டை என்று யோசித்தாள். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள். தட்டில் பாதி இறங்கியிருந்தது.

"உம்மீ" என்றாள் ஸிரின். "இன்னிக்கு எரியவே இல்லையே!"

கிளாஸில் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு வாய்கூட முக்கவில்லை. கன்னமெல்லாம் குழம்போடு, "இன்னும் போடு" என்று தட்டை நீட்டினாள்.

மொன்தெர் முள்கரண்டியைத் தட்டில் வைத்திருந்தான். எப்போது வைத்தான் என்று வஸீலா கவனிக்கவில்லை. இரண்டு மூன்று வாய்தான் குறைந்திருந்தது.

"ஆமா கண்ணு" என்றான். "எரியல."

ஸிரின் தட்டில் வஸீலா இன்னும் கொஞ்சம் போட்டாள். மொன்தெர் குனிந்து ரொட்டித் துண்டால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான், டாக்டர் நாடி பார்ப்பதுபோல. நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"மறந்துட்டியா?" என்றான் மெதுவாக.

அவன் முதுகுக்குப் பின்னால் சன்னல் மேடையில் கிண்ணம் இருந்தது. அதில் பாட்டில் கவிழ்ந்து நின்றது. வஸீலா அதைப் பார்த்தாள். ஆமாம், மறந்துதான் போயிற்று. போன் வந்தது, டிக்டேஷன் வந்தது, மூடி திறக்கவில்லை. "மறந்துட்டேன், அதோ பாரு" என்று விரலைக் காட்டினால் போதும். அவன் திரும்பிப் பார்ப்பான். வாய்விட்டுச் சிரிப்பான். எழுந்து ஒரே திருகில் மூடியைத் திறப்பான். எல்லார் தட்டிலும் ஒரு கரண்டி போட்டுக் கிளறுவான். நாளைக்கு நீதிபதியிடம் அதையும் ஒரு கதையாகச் சொல்வான். எல்லாம் இருந்தபடி இருக்கும். அவள் சொல்வதும் பொய்யாக இருக்காது.

வாயைத் திறக்கப் போனவள் தன் தட்டைப் பார்த்தாள். பாதிக்குமேல் தீர்ந்திருந்தது.

கை மறந்தது பெரிய விஷயமில்லை. எந்தக் கையும் ஒரு நாள் மறக்கும். ஆனால் அவள் உட்கார்ந்து, மென்று, ரொட்டி தோய்த்து, விழுங்கியிருக்கிறாள். சின்னப் பெண்ணுக்குத் தெரிந்தது. மூன்றே வாயில் அவனுக்குத் தெரிந்தது. அவள் நாக்குக்குத் தெரியவில்லை. கையில் ஏதாவது மிச்சம் குடியிருக்கும் என்று இத்தனை நாள் பார்த்திருந்தாள். எரிந்த நாட்களிலும் தனக்கு எரிந்ததா என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

"இல்ல" என்றாள்.

"வேணும்னேதான் போடலையா?"

"ஆமா."

அது பொய். பொய்யை நல்லது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மேசையில் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால், அது அதைவிடப் பெரிய பொய்யாக முடிந்திருக்கும். அவள் அதையெல்லாம் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. தட்டைப் பார்த்தாள், சொன்னாள்.

மொன்தெர் தலையை ஆட்டினான். முள்கரண்டியை மறுபடி எடுத்தான். காரமில்லாத அந்த மக்ரூனாவை ஒரு குழாய் விடாமல் சாப்பிட்டான். கோழி எலும்பைச் சுத்தமாக உறிஞ்சினான். தட்டை ரொட்டியால் துடைத்தான். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டு முடித்ததும் சொல்வதை அன்றும் சொன்னான். கொஞ்சம் தாமதித்துச் சொன்னான். "உன் கைக்கு நல்லது நடக்கட்டும்."

ஸிரின் கைகழுவப் போனதும் கேட்டான். "எப்பலேர்ந்து?"

"சரியாத் தெரியல. உன் வண்டி கவுந்த அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது."

"அன்னிக்கு நீ அழுதியே."

"அழல."

"நான் கண்ணால பாத்தேனே. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு..."

"அது வேற பொம்பள. ஸூஸுக்கு நான் ஏறுன லுவாஜ்ல கூட வந்தவ, விஷயத்தக் கேட்டுட்டு என் பின்னாலயே உள்ள வந்தா. இந்தப் பக்கம் நின்னு அழுதா."

அவன் யோசித்தான். கண்கள் எங்கோ அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் போய்த் தேடின. "அவ யாருன்னே எனக்குத் தெரியாதே" என்றான்.

"எனக்கும் தெரியாது."

மழை சன்னலில் அடித்தது. மொன்தெர் ஒரு மாண்டரினை எடுத்து உரித்தான். பாதியை அவள் பக்கம் தள்ளினான், அவள் எடுத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் கெட்டவன் இல்லையே, வஸீலா?"

"இல்ல. நீ நல்லவன்தான்."

"அப்ப திட்டு. ஒரு தடவையாவது திட்டு."

அவள் முயன்று பார்த்தாள். உதட்டை அசைத்தாள். ஒன்றும் வரவில்லை. அவன் அதையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்ப்பதாக அவன் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் பார்த்தான் என்றால் கடுமையாகத் தோன்றலாம், தவறு என்று சொல்ல முடியாது.

"நாளைக்கு அந்தம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்றான். "சாட்சி பிறழ்ந்துருச்சுன்னு சொல்லவா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

"என்னன்னு?"

"போறேன்னு."

"சரி" என்றான் மொன்தெர். அந்தச் சரியை அவன் குரலில் அவள் இதற்கு முன் கேட்டதில்லை. எதற்கும் மறுபேச்சு வைத்திருக்கிறவன். எழுந்து மூன்று தட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தொட்டியில் போட்டான். "நான் சம்மதம்னு சொல்லிடறேன். இழுத்தடிக்க வேணாம்." பிறகு, "ஸிரினை நான் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்துடறேன். நீ எப்படி வருவ?"

"பஸ்ல."

"அவசியம் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே எடந்தானே."

காலையில் மழை விட்டிருந்தது. வஸீலா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது வேன் வாசலில் நின்றது. மொன்தெர் முன்கதவை உள்ளிருந்தே தள்ளித் திறந்தான். அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவன் சவரம் செய்திருந்தான். கழுத்தில் ஒரு சின்ன வெட்டு.

கோர்ட்டு இருக்கும் மொனஸ்தீருக்கு ஸ்டாண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வரிசையில் நின்ற வண்டிகளுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த கிழவர் இவன் வண்டியைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டினார். லுவாஜில் எட்டு இருக்கையும் நிரம்பாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, பெற்றவர் சாவுக்குப் போகிறவனாக இருந்தாலும் சரி, எட்டாவது ஆள் வரும்வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

"ஏய் மொன்தெர்! உன் முறைடா! ஏழு சீட்டையும் காலியா வெச்சுக்கிட்டு எங்க ஓடற?"

மொன்தெர் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடியை இறக்கினான். ஒதுங்கி நின்றிருந்த பயணிகள் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"நிரம்பிருச்சு" என்றான்.

"என்னது?"

"நிரம்பிருச்சுப்பா. வேற வண்டி பாருங்க."

கிழவர் கையை மடக்காமல் அப்படியே நின்றார். வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு சாலையில் ஏறியது. வஸீலா திரும்பிப் பின்னால் பார்த்தாள். ஏழு இருக்கையும் காலி. ஒன்றில் ஸிரின் விட்டுப்போன கம்பளிக் குல்லாய் கிடந்தது. அவள் முன்னால் திரும்பி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

இருபுறமும் ஒலிவத் தோட்டங்கள் ஈரமாக ஓடின. இறக்கிய கண்ணாடியை அவன் ஏற்ற மறந்துவிட்டிருந்தான். காற்று முகத்தில் அடித்தது.

"குளிருதா?" என்றான் சாலையைப் பார்த்தபடி.

பதில் சொல்லுமுன் வஸீலா தனக்குக் குளிர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"குளிருது" என்றாள்.

அவன் கண்ணாடியை ஏற்றினான்.